பிரிச்ச பாஸ்தா எத்தனை நாள் தாங்கும்? கெட்டதை எப்படிக் கண்டுபிடிக்கறது?

தாளிப்புக்கரண்டி · 3 நவம்பர், காலை 8:12

அரை கிலோ பென்னே (குழாய் மாதிரி பாஸ்தா), ரெண்டு பாக்கெட். ஒண்ணு பிரிக்காதது, தேதி தாண்டி மூணு மாசம் ஆச்சு. இன்னொண்ணு பிரிச்சு ரப்பர் பேண்ட் சுத்தி அலமாரியில கிடக்கு. தேதிக்கு இன்னும் எட்டு மாசம் பாக்கி, ஆனா அடியில வெள்ளையா பொடி. தேதி தாண்டினதைத் தூக்கிப் போட்டுட்டு, மத்ததைச் சலிச்சுச் சமைச்சா சரிதானே?

வடிதட்டு · 3 நவம்பர், காலை 10:40

தலைகீழாச் சொல்றீங்க. தேதி தாண்டினதைச் சமைங்க. பொடி இருக்கறதைத்தான் சந்தேகப்படணும்.

காய்ந்த பாஸ்தாவில் இருப்பது துரம் என்ற கெட்டி வகைக் கோதுமையின் ரவையும் தண்ணீரும்தான். காயவைத்து முடித்தபின் ஈரம் 12.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இத்தாலியில் ஆணையே இருக்கிறது (2001-ம் வருடத்து 187-ம் எண்). அந்த ஈரத்தில் பாக்டீரியாவோ பூஞ்சணமோ வளர வழியில்லை. தேதி தாண்டினால் நிறம் கொஞ்சம் மங்கும், வாசனை தட்டையாகும், அவ்வளவுதான். பாக்கெட் ஓட்டையில்லாமல், ஈரம் படாமல், அடுப்புச் சூடு அடிக்காத இடத்தில் இருந்திருந்தால் மூணு மாசம் ஒரு பொருட்டே இல்லை.

பொடிக்கு ரெண்டு காரணம் இருக்கலாம். லாரியில் உரசி உதிர்ந்த பொடி ரவை மாதிரி நறநறவென்று, மஞ்சளாக, அடியில் மட்டும் தங்கும். பூச்சி தின்று தள்ளிய பொடி மைதா மாதிரி நைஸாக, வெளுப்பாக, பாஸ்தா மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு கரண்டி பொடியைக் கறுப்புத் தாளில் பரப்பி, வெளிச்சத்தில் பத்து நிமிஷம் வையுங்க. நகர்ந்தால் விஷயம் முடிந்தது. பாஸ்தாவையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்க, குண்டூசித் தலை அளவு வட்ட ஓட்டை இருக்கா என்று.

அஞ்சறைப்பெட்டி · 3 நவம்பர், காலை 11:25

பாக்கெட்ல "எக்ஸ்பைரி"ன்னே போட்டிருந்தா? காலாவதின்னா காலாவதிதானே. மருந்துக்கு ஒரு நியாயம், மாவுக்கு ஒரு நியாயமா?

வடிதட்டு · 3 நவம்பர், பகல் 12:05

நல்ல கேள்விக்கா. இந்தியாவில் 2020 லேபிள் விதிப்படி தயாரித்த தேதியும் காலாவதி தேதியும் கட்டாயம். "பெஸ்ட் பிஃபோர்" வேண்டுமானால் கூடுதலாகப் போடலாம். அதனால் பாலுக்கும் பாஸ்தாவுக்கும் ஒரே வார்த்தை அச்சாகிறது. இத்தாலி, ஐரோப்பாவிலிருந்து வரும் பாக்கெட்டில் காய்ந்த பாஸ்தாவுக்கு "இதற்குள் சாப்பிட்டால் நல்லது" வகைத் தேதி, குளிர்ப்பெட்டியில் விற்கும் ஈரப் பாஸ்தாவுக்குக் "கடைசித் தேதி". அந்த ரெண்டாவதோடு விளையாடக் கூடாது. காலாவதி தேதி போனதைக் கடையில் விற்றால் தப்பு, வாங்கவும் வேண்டாம். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் காய்ந்த பாஸ்தாவைப் பற்றித்தான் நான் சொல்வது.

ரவைமூட்டை · 3 நவம்பர், இரவு 9:18

வடிதட்டு சொன்ன ஓட்டைக் கணக்கு ஒரு பூச்சிக்குத்தான் பொருந்தும். மூணு பேர் வருவாங்க, ஒவ்வொருத்தர் கைவரிசையும் வேற.

வட்ட ஓட்டை போடறது அரிசியில வர்ற மூக்கு வண்டு. பாஸ்தாவைக் குடைஞ்சு உள்ளயே முட்டை வைக்கும், புழு உள்ளயே தின்னு வளரும், வண்டானதும் ஓட்டை போட்டு வெளிய வரும். 30 டிகிரி சூட்டுல முட்டையிலிருந்து வண்டாக ஏறக்குறைய ஒரு மாசம். அதனால ஓட்டை தெரியற நேரத்துல ஓட்டை இல்லாத பாஸ்தாவுக்குள்ளயும் ஆள் இருக்கும். பொறுக்கி எடுத்துட்டா போதும்னு நினைக்காதீங்க.

செம்பழுப்பு நிறத்துல, தட்டையா, 3-4 மில்லிமீட்டர்ல ஓடறது மாவு வண்டு. இதால முழு பாஸ்தாவைக் குடைய முடியாது, உடைசலையும் தூளையும் தின்னுதான் பிழைப்பு. ஆனா நிறைய சேர்ந்தா காட்டமா ஒரு நெடி விடும், மாவே லேசா சிவக்கும். அந்த நெடி கழுவினாலும் போகாது, வேகவெச்சாலும் போகாது.

மூணாவது அந்துப்பூச்சி. நாலஞ்சு பாஸ்தா சிலந்தி நூல் மாதிரி ஒட்டிக்கிட்டுத் தொங்கினா அதோட புழு கட்டின நூல்.

கறுப்புத் தாள்ல நடக்கற பொடி இந்த மூணுமே இல்லை. அது புத்தகத்துல வருமே, வெளிர் நிறத்துல கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாமலும், அந்தப் பேன் வகை. அது வந்தா அலமாரியில ஈரம் ஜாஸ்தின்னு அர்த்தம்.

தாளிப்புக்கரண்டி · 4 நவம்பர், காலை 7:50

நகருது. ஓட்டை எதுவும் இல்லை. நெடியும் இல்லை.

ரவைமூட்டை · 4 நவம்பர், காலை 8:31

அப்ப புத்தகப் பேன். அது கடிக்காது, நோயும் தராது. சிலர் சலிச்சுட்டு வேகவெச்சுச் சாப்பிடறாங்க. 60 ரூபாய்ப் பொருளுக்கு அந்த வேலை வேண்டாம்னு நான் சொல்வேன். அதைவிட அந்த அலமாரியைப் பாருங்க. சுவருக்குப் பின்னாடி குளியலறையா? சிங்க் குழாய் அந்தப் பக்கம் போகுதா?

தாளிப்புக்கரண்டி · 4 நவம்பர், காலை 8:44

சிங்க்குக்குக் கீழ்தான் அலமாரி. உங்களுக்கு எப்படித் தெரியும்?

ரவைமூட்டை · 4 நவம்பர், காலை 8:46

எல்லா வீட்டிலயும் அங்கதான் வைப்பாங்க.

வடிதட்டு · 4 நவம்பர், மாலை 6:30

ஈரத்தை ஊகிக்க வேண்டாம், அளக்கலாம். முந்நூறு நானூறு ரூபாய்க்குச் சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி கிடைக்கும், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. அதை பாஸ்தா டப்பாவுக்குள்ளேயே போட்டு மூடி ஒரு நாள் விடுங்க. உள்ளே காற்றின் ஈரமும் பாஸ்தாவின் ஈரமும் சமனாகும், அப்போது காட்டும் எண்தான் உண்மை. 60-க்குக் கீழே என்றால் நிம்மதி. 65 வரைக்கும் பரவாயில்லை. 70 தொட்டால் பூஞ்சணம் வரும் வாய்ப்பு தொடங்கியாச்சு. ஐப்பசி, கார்த்திகையில் சென்னைக் காற்றே சர்வசாதாரணமாக 80 காட்டும். ரப்பர் பேண்ட் சுற்றின பாக்கெட் அந்தக் காற்றைத்தான் குடித்துக்கொண்டிருக்கும்.

எவர்சில்வர் டப்பா காற்றுப் புகாது என்று நம்புகிறவர்களுக்கு ஒரு சோதனை. உள்ளே டிஷ்யூ தாள் ஒன்று போட்டு மூடி, மூடிப் பக்கம் கீழே இருக்கும்படி வாளித் தண்ணீரில் அரை நிமிஷம் அமுக்கிப் பிடியுங்க. எடுத்துத் துடைத்துவிட்டுத் திறந்தால் பெரும்பாலும் தாள் நனைந்திருக்கும். மூடியில் ரப்பரோ சிலிக்கான் வளையமோ இல்லாத எதுவும் வண்டைக்கூட முழுசாகத் தடுக்காது.

அளவு: அரை கிலோ பென்னேவுக்கு ஒன்றரை லிட்டர் டப்பா. சுருள் வடிவ ஃபுசிலி இன்னும் இடம் அடைக்கும், இரண்டு லிட்டர் வாங்குங்க. ஸ்பகெட்டி 25, 26 சென்டிமீட்டர் நீளம், அதனால் உள்உயரம் 27 இல்லாத ஜாடி வாங்கினால் உடைத்துத்தான் போடணும். பாட்டிலுக்காக ஸ்பகெட்டியை உடைப்பதை இத்தாலிக்காரர் யாரும் பார்க்காமல் பார்த்துக்கொள்ளுங்க.

அஞ்சறைப்பெட்டி · 4 நவம்பர், இரவு 7:15

இவ்வளவு எதுக்கு? நாலு வேப்பிலை, ரெண்டு வரமிளகாய், ஒரு துண்டு வசம்பு. அரிசி மூட்டைக்குச் செய்யறதுதானே.

ரவைமூட்டை · 4 நவம்பர், இரவு 8:02

அக்கா, அரிசியைக் களைஞ்சு கழுவி வடிக்கறோம். பாஸ்தாவை யாரும் கழுவறதில்லை. காஞ்ச மாவுப் பொருள் பக்கத்துல இருக்கற வாசனையை அப்படியே இழுத்துக்கும். வசம்பு போட்டா பூச்சி கொஞ்சம் விலகிப் போகும், அதை மறுக்கல. ஆனா வெள்ளை சாஸ் ஊத்தின தட்டுல கைக்குழந்தைக்கு உரைச்ச மருந்து வாசம் வரும், பரவாயில்லையா? வேப்பிலை பச்சையா போட்டா அதோட ஈரமும் சேர்ந்து உள்ள போகும். நாப்தலின் உருண்டை, கற்பூரம் இதெல்லாம் சாப்பாட்டுப் பொருள் பக்கமே வரக் கூடாது.

வடிதட்டு · 4 நவம்பர், இரவு 8:40

ஈரம் உறிஞ்ச சிலிக்கா ஜெல் போடலாம், அரை கிலோவுக்கு 5 கிராம் பொட்டலம் ஒன்று, உணவுக்கு உகந்தது என்று அச்சிட்டது மட்டும். நீல மணி கலந்தது வேண்டாம். அந்த நீலத்துக்குக் கோபால்ட் உப்பு சேர்த்திருப்பார்கள்.

வெயிலில் காயவைக்கலாமா என்று அடுத்து யாராவது கேட்பீங்க. வேண்டாம். மேல்பக்கம் வேகமாகக் காய்ந்து உள்பக்கம் காயாமல் நின்றால் விரிசல் விடும், மஞ்சள் நிறமும் வெளுத்துப் போகும். அந்த மஞ்சள் துரம் கோதுமையின் லூட்டீன். வெளிச்சம் பட்டால் சிதையும். ஜன்னலோரம் கண்ணாடி ஜாடியில் அடுக்கி வைப்பது புகைப்படத்துக்கு நன்றாயிருக்கும்.

பனிக்காடு · 5 நவம்பர், காலை 6:10

டொராண்டோவிலிருந்து. எங்கட பிரச்சினை நேர்மாறு. குளிர்காலத்தில வீட்டுக்குள்ள ஹீட்டர் ஓடினா ஈரம் 20, 30 சதவீதம்தான். பூச்சி, பூஞ்சணம் ஒண்டும் இல்லை. ஆனா ஸ்பகெட்டியில மயிரிழை மாதிரி வெள்ளைக் கோடு, வேகவைச்சா துண்டு துண்டாப் போகுது. பழுதாப் போச்சோ?

வடிதட்டு · 5 நவம்பர், காலை 9:55

பழுதில்லை, தாராளமாகச் சாப்பிடலாம். வெளிப்புறம் ஈரம் இழந்து சுருங்க, உள்புறம் சுருங்காமல் நிற்க, நடுவே வெடிக்கிறது. ஆலையில் அவசரமாகக் காயவைத்த பாஸ்தாவிலும் இதே கோடு வரும், அப்படியானால் பாக்கெட் பிரித்த அன்றே தெரியும். வெள்ளைப் புள்ளிகள் வேறு, அவை காற்றுக்குமிழி அல்லது தண்ணீர் சரியாகப் பிடிக்காத ரவை. பழுப்புப் புள்ளி உமித்துகள். இந்த மூன்றுமே பாஸ்தாவுக்குள் இருக்கும், விரலால் தேய்த்தால் வராது. பூஞ்சணம் மேலே இருக்கும். சாம்பல், பச்சை, சில நேரம் இளஞ்சிவப்பு. தேய்த்தால் இழுகும், பஞ்சு மாதிரி தெரியும், மக்கல் வாடை அடிக்கும். அது ஒரு பாஸ்தாவில் தெரிந்தாலும் டப்பா முழுக்கக் குப்பைக்கு. பூஞ்சண நச்சு பலவும் கொதிநீருக்கு அசையாது.

வெடித்த ஸ்பகெட்டிக்கு வேலை இருக்கிறது. நேப்பிள்ஸ் பக்கம் உடைசலையும் மிச்சம் மீதியையும் கலந்து உருளைக்கிழங்கோடோ பீன்ஸோடோ கெட்டி சூப்பாக வைப்பார்கள். "பாஸ்தா மிஸ்தா" என்று இப்போது பாக்கெட் போட்டே விற்கிறார்கள். பருப்பு ரசம் கெட்டியாக வைக்கிற கையாக இருந்தால் அதுவும் வரும்.

புதுஅடுப்பு · 7 நவம்பர், காலை 7:05

ஹாஸ்டல் ரூம், ஃப்ரிட்ஜ் கிடையாது. நேத்து ராத்திரி எட்டு மணிக்குத் தக்காளி சாஸ் போட்டுச் செஞ்சது பாதி மிச்சம், மூடி வெச்சிருக்கேன். வாசனை நல்லாத்தான் இருக்கு, ஊசல. நல்லா சூடு பண்ணிச் சாப்பிடலாமா?

வடிதட்டு · 7 நவம்பர், காலை 7:19

வேண்டாம் தம்பி. கொட்டிடுங்க. விளக்கம் அப்புறம்.

வடிதட்டு · 7 நவம்பர், காலை 9:30

காய்ந்த பாஸ்தாவுக்கு மூணு நாள் பேசியாச்சு. ஆளை மருத்துவமனைக்கு அனுப்பக்கூடியது வேகவைத்த பாஸ்தா.

பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா மண்ணிலும் தானியத்திலும் சாதாரணமாக இருப்பது. வேகும்போது பாக்டீரியா சாகும், அதன் வித்து சாகாது. பாஸ்தா ஆறி வெதுவெதுப்புக்கு வந்ததும் வித்து முளைத்துப் பெருகும். பெருகும்போது அதில் சில வகைகள் செரியுலைடு என்ற நச்சை விடும். அந்த நச்சு 121 டிகிரியில் 90 நிமிஷம் வைத்தாலும் அழியாது. குக்கர் உள்ளே எட்டுவதே 120 டிகிரி பக்கம்தான். நாலு விசில் விட்டாலும், மைக்ரோவேவில் ஆவி பறக்கச் சூடாக்கினாலும் பாக்டீரியா போகும், நச்சு அப்படியே நிற்கும். நச்சுக்கு நிறமில்லை, வாடையில்லை, ருசியில்லை. ஊசினால்தான் கெட்டது என்ற நம்ம மூக்குக் கணக்கு இங்கே செல்லாது. சாப்பிட்டு அரை மணியிலிருந்து ஆறு மணிக்குள் வாந்தி பிடிக்கும்.

பெரும்பாலானோருக்கு ஒரு நாளில் சரியாகும். எல்லோருக்கும் இல்லை. 2008-ல் பிரஸ்ஸல்ஸில் 20 வயது மாணவர் ஒருவர் ஐந்து நாள் முன் செய்து சமையலறையில் வெளியிலேயே இருந்த ஸ்பகெட்டியை மைக்ரோவேவில் சூடாக்கிச் சாப்பிட்டு, ஈரல் செயலிழந்து மறுநாளுக்குள் இறந்தார். 2011-ல் மருத்துவ இதழில் வந்த விவரம் இது. அதுவும் தக்காளி சாஸ் போட்டதுதான். சாஸின் புளிப்பு பாஸ்தாவின் உள்பக்கம் வரைக்கும் காப்பாற்றாது.

கணக்கு: 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை ஆபத்தான இடைவெளி. சமைத்து இறக்கியதிலிருந்து ரெண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் போகணும். அறை 32 டிகிரிக்கு மேல் என்றால் ஒரு மணி நேரம்தான். நம்ம ஊர் சித்திரை, வைகாசி சமையலறைக்கு அந்த ஒரு மணி நேரம்தான்.

அஞ்சறைப்பெட்டி · 7 நவம்பர், காலை 10:12

பழைய சோறு ராத்திரி முழுக்க வெளியதானே இருக்கு? அதுவும் அரிசி, அதுலயும் இந்தக் கிருமி வருமே. தலைமுறை தலைமுறையா சாப்பிட்டவங்கெல்லாம் என்ன ஆனாங்க?

வடிதட்டு · 7 நவம்பர், காலை 11:48

இது இழையிலேயே நல்ல கேள்வி. பழைய சோற்றில் நாம் சோற்றைத் தண்ணீரில் மூழ்க விடுகிறோம். அந்தத் தண்ணீரில் லாக்டிக் அமில பாக்டீரியா முந்திக்கொண்டு பெருகிப் புளிக்க வைக்கிறது. புளிப்பு ஏற ஏற பாசில்லஸ் சீரியஸுக்கு இடம் சுருங்குகிறது. அதாவது அங்கே ஒரு கிருமிக்கு வேண்டுமென்றே ஊரை எழுதிக் கொடுத்து மற்றதை விரட்டுகிறோம். மூடி போட்ட பாத்திரத்தில் சாஸும் எண்ணெயும் பூசிக் கிடக்கும் பாஸ்தாவில் அப்படி ஒரு புளிப்பு நடக்காது. தண்ணீர் ஊற்றாமல் சட்டியில் அப்படியே கிடக்கும் சோறும் பழைய சோறு இல்லை, அதுக்கும் இதே ஆபத்துதான்.

பாஸ்தாவைத் தண்ணீரில் ஊறவைத்து மோர் ஊற்றிச் சாப்பிட யாராவது தயாரென்றால் தனி இழை தொடங்குங்க.

புதுஅடுப்பு · 7 நவம்பர், பகல் 1:20

கொட்டிட்டேன். இனிமே அளவு எப்படி எடுக்கறது, மிச்சமே வராம?

ரவைமூட்டை · 7 நவம்பர், பகல் 1:41

தராசு இல்லேன்னா டம்ளர். 200 மில்லி டம்ளர்ல தலைதட்டி ஒரு டம்ளர் பென்னே 75, 80 கிராம் வரும். ஒரு ஆளுக்கு அது போதும், நல்ல பசின்னா ஒண்ணேகால். 100 கிராம் காஞ்சது வெந்தா 220லேர்ந்து 250 கிராம் ஆகும். பாக்கெட்ல பாக்கறப்ப கொஞ்சமாத் தெரியறதுதான் எல்லாரையும் ஏமாத்துது.

தாளிப்புக்கரண்டி · 8 நவம்பர், இரவு 9:05

ஃப்ரிட்ஜ் இருக்கறவங்களுக்குச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை வேகவெச்சு வாரம் பூரா வெச்சுக்கலாமா?

வடிதட்டு · 9 நவம்பர், காலை 10:15

வாரம் பூரா வேண்டாம். அமெரிக்கக் கணக்கு 4 டிகிரியில் மூன்றிலிருந்து ஐந்து நாள். கரண்ட் போய்ப் போய் வரும் வீட்டில் மூணாவது நாளோடு நிறுத்திக்கங்க.

செய்முறை 250 கிராமுக்கு. தண்ணீர் இரண்டரை லிட்டர், உப்பு 25 கிராம். பாக்கெட்டில் 11 நிமிஷம் என்றிருந்தால் 9-ல் வடியுங்க, மறுபடி சூடாக்கும்போது மீதி வேகும். வடித்ததை மலையாகக் குவிக்காதீங்க. அகலத் தட்டில் பரப்பி, ஒரு டீஸ்பூன் எண்ணெய் புரட்டி, மின்விசிறிக்குக் கீழே கால் மணி நேரம். அடியில் தண்ணீர் தேங்கக் கூடாது. வழுவழுப்பு முதலில் அங்கேதான் ஆரம்பிக்கும். பிறகு 5 சென்டிமீட்டருக்கு மேல் உயரமில்லாமல் தட்டையான டப்பாவில். சூடான பாஸ்தாவை ஆழமான தூக்கில் அடைத்தால் ஃப்ரிட்ஜுக்குள்ளேயே நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக இருக்கும். சாஸைத் தனியாக வையுங்க, சேர்த்து வைத்தால் பாஸ்தா சாஸைக் குடித்து ஊதிப்போகும். டப்பா மேல் தேதி.

மறுநாள் விறைத்துக் கிடந்தால் கெட்டதாக அர்த்தமில்லை. ஸ்டார்ச் ஃப்ரிட்ஜ் குளிரில்தான் வேகமாக இறுகும். கொதிக்கும் தண்ணீரில் 45 விநாடி போட்டெடுத்தால் இளகிவிடும்.

கெட்டதற்கு அடையாளம்: விரலில் தேய்த்தால் கோழை மாதிரி வழுக்கும், ரெண்டைப் பிரித்தால் நூல் விடும், மூடி திறந்ததும் புளிச்ச வாடையோ ஈர வாடையோ, மேலே புள்ளி. இதில் ஒன்று இருந்தாலும் ருசி பார்க்க வேண்டாம். ஒன்றும் இல்லாவிட்டாலும் அது எத்தனை நேரம் வெளியே இருந்தது என்று தெரியாவிட்டால் கொட்டுங்க.

ரவைமூட்டை · 9 நவம்பர், மாலை 5:20

4 டிகிரின்னு சொல்றீங்க, எத்தனை வீட்டு ஃப்ரிட்ஜ் 4 காட்டுது? முகப்புல இருக்கற 1-லிருந்து 5 வரை திருகு டிகிரி கிடையாது. ஒரு டம்ளர் தண்ணியில தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டுல ராத்திரி பூரா வெச்சு, காலையில கதவு திறந்ததும் பாருங்க. 5-க்கு மேல இருந்தா திருகைக் கூட்டுங்க, கதவு ரப்பரைப் பாருங்க. ரப்பர் நடுவுல ஒரு தாளை வெச்சு மூடி இழுத்தா, இழுக்கக் கஷ்டமா இருக்கணும்.

2003-ல பெல்ஜியத்துல ஒரு குடும்பத்துல பாஸ்தா சாலட் வெள்ளிக்கிழமை செஞ்சு, சனிக்கிழமை பிக்னிக்குக் கொண்டு போய்ட்டு, மிச்சத்தை ஃப்ரிட்ஜ்ல வெச்சு, திங்கக்கிழமை பிள்ளைங்களுக்குக் கொடுத்தாங்க. ஏழு வயசுப் பொண்ணு ஒண்ணு செத்துப்போச்சு. ஃப்ரிட்ஜை அளந்தப்ப 14 டிகிரி. அதே கிருமிதான்.

பனிக்காடு · 10 நவம்பர், காலை 5:50

ஃப்ரீசரில வைக்கலாமோ?

வடிதட்டு · 10 நவம்பர், காலை 9:20

தாராளமாக. இன்னும் ஒரு நிமிஷம் குறைவாக வேகவைத்து, தட்டில் பரப்பி ஒரு மணி நேரம் உறையவிட்டு, பிறகு பையில் காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டுங்க. ஒரு வேளைக்கு ஒரு பை. -18 டிகிரியில் ரெண்டு மாசம் ருசி கெடாது. எடுத்ததை வெளியே வைத்து இளக விடாமல் நேரே கொதிநீரில் ஒரு நிமிஷம். பென்னே, ஃபுசிலி நன்றாக மீளும், மெலிந்த ஸ்பகெட்டி உடையும். கிரீம் சாஸ் திரிந்துபோகும், தக்காளி சாஸுக்கு ஒன்றும் ஆகாது.

காய்ந்த பாஸ்தாவையும் ஃப்ரீசரில் போடலாம், ஆனால் பூச்சி முட்டையைக் கொல்ல மட்டும். வாங்கி வந்ததும் பாக்கெட்டோடு பாலித்தீன் பையில் இறுகக் கட்டி ரெண்டு நாள்.

ரவைமூட்டை · 10 நவம்பர், காலை 9:44

நாலு நாளா வெச்சுக்கங்க. அரை கிலோப் பொட்டலத்தோட நடுப்பக்கம் குளிரவே நேரம் எடுக்கும், வீட்டு ஃப்ரீசர் கதவைத் திறந்து மூடறதுல -18 நிக்கறதும் இல்லை. புழு சீக்கிரம் சாகும், முட்டை தாக்குப் பிடிக்கும்.

முக்கியமா, எடுத்ததும் பையைப் பிரிக்காதீங்க. வெளியில ஒரு ராத்திரி கிடந்து அறைச் சூட்டுக்கு வந்தப்புறம் பிரிங்க. இல்லேன்னா குளிர்ந்த பாஸ்தா மேல வேர்த்துக் கொட்டும். பூச்சியைக் கொன்னுட்டு பூஞ்சணத்தை வளர்த்த கதையாயிடும்.

வடிதட்டு · 10 நவம்பர், காலை 10:02

சரி, நாலு. அது பாதுகாப்பான எண்.

புதுஅடுப்பு · 13 நவம்பர், இரவு 8:30

கோதுமை பாஸ்தா, அந்தப் பழுப்பு நிறம், உடம்புக்கு நல்லதுன்னு வாங்கினேன். தேதி இருக்கு, பூச்சி இல்லை, ஆனா கசக்குது.

வடிதட்டு · 13 நவம்பர், இரவு 9:10

காறிப்போச்சு. முழுக்கோதுமையில் தவிடும் முளைப்பகுதியும் சேர்ந்திருக்கும், முளையில் எண்ணெய் இருக்கிறது. அந்த எண்ணெய் காற்றுப் பட்டுச் சிக்கு வாடை அடிக்கும். சமைக்கும் முன் கண்டுபிடிக்க: பத்துத் துண்டை டம்ளரில் போட்டுக் கொதிநீர் ஊற்றி மூடி, ரெண்டு நிமிஷம் கழித்துத் திறந்து உடனே மோந்து பாருங்க. ரொட்டி மாதிரி மணந்தால் சரி. பழைய எண்ணெய், வார்னிஷ் வாடை என்றால் தூக்கிப் போடுங்க. விஷமில்லை, ஆனால் எந்த சாஸும் அதை மறைக்காது. பிரித்த முழுக்கோதுமை பாஸ்தாவை மூணு, நாலு மாசத்துக்குள் தீர்த்துவிடுங்க. பருப்பு மாவு பாஸ்தாவுக்கும் அதே கெடு. முட்டை சேர்த்த காய்ந்த பாஸ்தாவும் கொழுப்புள்ளதுதான். இத்தாலியச் சட்டப்படி கிலோ ரவைக்குக் குறைந்தது நாலு முட்டை, ஓடு நீக்கி 200 கிராம்.

இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் ரொம்ப நாள் தாங்காததற்கும் காரணம் எண்ணெய்தான். பொரித்துத்தான் காயவைக்கிறார்கள்.

அஞ்சறைப்பெட்டி · 14 நவம்பர், காலை 10:30

நானே வீட்ல முட்டை போட்டுப் பிசைஞ்சு கத்தரிச்சுப் பாக்கலாம்னு இருக்கேன். கொடியில காயப்போட்டு டப்பாவுல போட்டா வடாம் மாதிரி வருஷம் தாங்குமா?

வடிதட்டு · 14 நவம்பர், பகல் 12:15

தாங்காதுக்கா. வடாம் கூழை முதலிலேயே காய்ச்சிவிடுகிறோம், உப்பு தூக்கலாகப் போடுகிறோம், பங்குனி வெயிலில் ரெண்டு மூணு நாள் சுட்டெரிக்கக் காயவைக்கிறோம். முட்டை மாவு பச்சை. கார்த்திகை ஈரத்தில் கொடியில் தொங்கவிட்டால் வெளியே காய்ந்த மாதிரி தெரியும், நடுவில் ஈரம் இருக்கும். முட்டையிலிருந்து சால்மொனெல்லா வர வாய்ப்பு வேறு. பிசைந்து வெட்டியதும் ரவை தூவி (மைதா தூவினால் ஒட்டும்) அன்றே வேகவையுங்க, இல்லை ஃப்ரிட்ஜில் ஒரு நாள், இல்லை ஃப்ரீசர். ஃப்ரிட்ஜில் மறுநாள் சாம்பல் பூத்தாற்போல் கறுத்தால் அது மாவு காற்றுப்பட்டுக் கறுப்பது, கெட்டதில்லை. வழுக்கினாலோ புளித்தாலோதான் கெட்டது. உள்ளே சீஸோ கீரையோ வைத்து மடித்ததென்றால் ஃப்ரிட்ஜ் கூட வேண்டாம், நேரே ஃப்ரீசர்.

ஆலையில் பாக்கெட் போடும் ஈரப் பாஸ்தாவுக்கே இத்தாலியில் 4 டிகிரிக் கட்டுப்பாடு. அதில் ஈரம் குறைந்தது 24 சதவீதம், காய்ந்ததில் 12.5. இந்த இடைவெளிதான் ரெண்டுக்கும் உள்ள மொத்த வித்தியாசம்.

பனிக்காடு · 15 நவம்பர், காலை 6:25

வடாம் எண்டதும் ஞாபகம் வருது. இத்தாலியில மெஷின் வர முதல் எப்பிடிக் காயவைச்சவை?

வடிதட்டு · 15 நவம்பர், மாலை 7:00

காற்றில். நேப்பிள்ஸ் பக்கத்து கிரன்யானோவில் தெருவிலேயே மூங்கில் மாதிரிக் கழிகளில் தொங்கவிட்டார்கள். மலைக்காற்றும் கடற்காற்றும் மாறி மாறி அடிக்கும் ஊர். வெளிப்புறம் காய்ந்ததும் நிழலில் போட்டு உள் ஈரம் வெளியே வரவிட்டு மறுபடி காயவைப்பார்கள், விரிசல் விடாமல் இருக்க. அதற்கு நெடுங்காலம் முன்பே, 1154-ல், அரபுப் புவியியலாளர் அல் இத்ரீசி சிசிலியின் திராபியாவில் இழை இழையாக மாவுப் பண்டம் செய்து கப்பலில் ஏற்றி அனுப்புவதாக எழுதியிருக்கிறார். 1279-ல் ஜெனோவாவில் ஒருவரின் சொத்துப் பட்டியலில் ஒரு கூடை மாகரோனியும் இருக்கிறது. கெட்டுப்போகிற பண்டத்தை யாரும் சொத்துப் பட்டியலில் எழுத மாட்டார்கள்.

தாளிப்புக்கரண்டி · 22 நவம்பர், காலை 8:20

அலமாரி மாத்தியாச்சு. ஈரமானி 58 காட்டுது. பழைய அலமாரியை எப்படிச் சுத்தம் பண்றது? வினிகர் போதுமா?

ரவைமூட்டை · 22 நவம்பர், காலை 9:02

வினிகரை விடுங்க. முதல்ல வேக்யூம், இல்லேன்னா பழைய டூத் பிரஷ். பலகை சேர்ற மூலை, ஸ்க்ரூ ஓட்டை, கீல் பின்பக்கம், அடியில ஒட்டின காகிதம். மாவுத்தூள் அங்கதான் இருக்கும். தூள் இருந்தா ஆள் இருக்கும். காகிதத்தைப் பிய்ச்சு எறிங்க. அப்புறம் ஈரத்துணி, அப்புறம் ஒரு நாள் பூரா கதவைத் திறந்தே விடுங்க. பக்கத்துல இருந்த ரவை, மைதா, கடலைமாவு, சேமியா எல்லாத்தையும் தட்டுல கொட்டிப் பாருங்க. பாஸ்தாவுக்கு வந்தது அங்கிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு. புதுப் பாக்கெட்டைப் பழைய மிச்சம் மேல கொட்டாதீங்க. டப்பா காலியாகி, கழுவி, நல்லாக் காஞ்சப்புறம் கொட்டுங்க. பாக்கெட்ல தேதியும் வேகற நிமிஷமும் இருக்கற துண்டைக் கத்தரிச்சு டப்பாவுல ஒட்டுங்க.

புதுஅடுப்பு · 9 ஜனவரி, இரவு 10:40

பழைய இழைதான், ஆனா ஒரு சந்தேகம். அட்டைப் பெட்டியில சீஸ் பொடியோட வர்ற மாகரோனி. தேதி தாண்டி ஆறு மாசம். மாகரோனி நல்லா இருக்கு. பொடி ஆரஞ்சா இருக்க வேண்டியது பழுப்பா, கட்டியா இருக்கு.

வடிதட்டு · 10 ஜனவரி, காலை 7:30

பொடியை எறிங்க, அது காறியிருக்கும். மாகரோனியை வேகவெச்சு வெங்காயம், தக்காளி, பச்சைமிளகாய் தாளிச்சுப் புரட்டிக்கங்க. ஒரு டம்ளர்தான், மிச்சம் வைக்காதீங்க.